மருதாணி இல்லாத கைகள்

"கையை நீட்டுன்னா நீட்ட வேண்டியதுதானே, ஸக்கியா? மருதாணி என்ன கடிக்கவா போகுது?"

"ஒரே நாள்ல எங்க எல்லாருக்கும் மருதாணின்னா, மாப்பிள்ளை யாரு சார்? நீங்களா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மாஹெர் மட்டும் மருதாணிக் கிண்ணத்தைப் பிடித்தபடி முறைத்தான்.

ஜீன்ஸ் வாங்கும் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் மறுநாள் தலைநகர் தூனிஸிலிருந்து சோதனைக்கு வருகிறார். க்ஸார் ஹெலால் ஊரின் இந்தப் பட்டறையில் துணியை வெளுக்க பெர்மாங்கனேட் என்ற நச்சு மருந்தைத் தெளிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். தெளிக்கிற பெண்களின் விரல்களோ பழுப்பேறிக் கிடந்தன. எந்த சோப்புக்கும் அசையாத பழுப்பு. அதை மூடத்தான் மருதாணி. கேட்டால் பக்கத்துத் தெருவில் கல்யாணம் என்று சொல்ல வேண்டும்.

"துக்க வீட்டுக்காரி சார் நான். எங்கக்கா தலீலாவை அடக்கம் பண்ணப்போ நீங்களும்தானே வந்து நின்னீங்க? நாற்பதாம் நாள் துக்கச் சாப்பாட்டுக்குக் கூஸ்கூஸ்கூட இன்னும் வேகல."

மாஹெர் தலையைச் சொறிந்தான். "அட, மறந்தே போச்சு. சரி, நீ நாளைக்கு லீவு எடுத்துக்கோ. ரீம், நீ வாம்மா, கையை நீட்டு."

ரீம் தலீலாவின் மகள். தாய் நின்ற அதே தெளிப்பறையில், தாயின் அதே நைந்த முகமூடியோடு, போன வாரம்தான் அவளை நிறுத்தியிருந்தார்கள். கடைசி மாதங்களில் தலீலா படியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள், மூச்சு வரும்வரை. இப்போது ரீமும் இருமத் தொடங்கியிருந்தாள்.

ஸக்கியா ரீமுக்கும் மாஹெருக்கும் நடுவில் வந்து நின்றாள். செத்தவளை மறந்தான். செத்தவளின் மகளிடமே கை கேட்கிறான்.

"செத்தது அவ அம்மாய்யா!" கிண்ணத்தை ஓங்கித் தட்டினாள். பச்சைக் குழம்பு அவன் வெள்ளைச் சட்டையெல்லாம் வழிந்தது. "வேணும்னா நீ பூசிக்கோ!"

லீவு என்று சொன்ன நாளில் ஸக்கியா எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். மருந்தில்லாமல் ஒளியாலேயே துணியை வெளுக்கும் லேசர் இயந்திரத்தின் உறையைக் கழற்றியிருந்தார்கள். விருந்தாளி வந்தால்தான் அது வெளிச்சம் பார்க்கும்.

"எல்லாமே இப்ப ஒளிதான் மேடம். மருந்தே கிடையாது," என்று மாஹெர் குழைந்துகொண்டிருந்தான்.

அந்த அம்மாள் வரிசையாக நின்ற சிவந்த கைகளைப் பார்த்துச் சிரித்தார். "ஊர்ல கல்யாணமா?"

ஸக்கியா ரீமை இழுத்துக்கொண்டு வரிசையைப் பிளந்து முன்னால் வந்தாள். மருதாணி இல்லாத, பழுப்பேறிய நான்கு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பாருங்க மேடம். மத்தவங்க மருதாணியைச் சுரண்டினாலும் அடியில இதேதான்."

"அக்கா செத்த துக்கத்துல உளறுறா மேடம்…" என்று மாஹெர் குறுக்கே வந்தான்.

"வாயை மூடு! துக்கம் இருந்ததாலதான் இந்தக் கை மூடாம இருக்கு."

அந்த அம்மாள் ரீமின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. ரீமுக்கு இருமல் வந்தது.

"இந்த மெஷினை இங்க ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது," என்றாள் ஸக்கியா. "இவ படிச்ச பொண்ணு, சட்டுனு கத்துப்பா. அந்தத் தெளிப்பறையிலேருந்து எடுத்து இவளை இதுல நிக்க வைக்கச் சொல்லுங்க. நீங்க கார்ல ஏறுறதுக்கு முன்னாடி, எங்க எல்லார் எதிர்லயும் சொல்லுங்க, மேடம்."