கிளறாத குவியல்

நிலக்கரி தோண்டிப் பிழைக்கிற ஊரில் காற்றில் கரியைக் குறைக்கும் விவசாயம் பழகினோம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தப்பில்லை.

பதினோரு பேர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வடக்குத்து கிராமத்தில் மலர்கொடி அக்காவின் நிலத்தில் கூடுவோம். ஒருவர் செய்து பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். உரமூட்டையும் டீசலும் குறைய வேண்டும், கையில் லாபமும் நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு மைன்ஸில் வேலை. இது உறுத்தவில்லையா என்று பழனிவேல் அண்ணனைக் கேட்டேன். “பகல்ல தோண்டி எடுக்கறத சாயங்காலம் மண்ணுக்குள்ள போடறோம்” என்றார்.

அவர் பெர்மனெண்ட். ஷிப்ட் பொறுப்பாளர். நான் அதே மைன்ஸில் காண்ட்ராக்டில் நைட் ஷிப்ட் பார்த்து, பதினோராம் மாதம் ஓடி வந்தவன். திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷம் கன்வேயர் பெல்ட்டோடு குடித்தனம் நடத்திய என் அப்பா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா நிலத்துக்குப் பக்கத்தில் அரைக் காணி குத்தகைக்கு எடுத்திருந்தேன்.

அக்காவின் ஒரு காணி அவள் பேரிலும் அவள் அண்ணன் சின்னதுரை பேரிலும் இருந்தது. சுற்றிலும் மனையாகிவிட்டது. சின்னதுரைக்கும் விற்க ஆசை. எங்கள் எதிரிலேயே பேச்சை முடித்தார்: இந்த மார்கழிப் பட்டத்து மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, சொந்த எருவைப் போட்டு விதைத்தால் நிலம் இருக்கும்; எரு தேறாவிட்டால் விற்பதற்கு அக்கா கையெழுத்துப் போட வேண்டும். அக்கா தலையாட்டினாள்.

புரட்டாசியில் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு விவசாயியின் எருக்குவியலைப் பார்க்கப் போனோம். சருகு, சாணி, கொடி எல்லாம் அடுக்கி, தண்ணீர் தெளித்து, கிளறிவிட வேண்டும் என்றார். எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று அவர் சொல்லும்போது பஜ்ஜி வந்துவிட்டது.

ஐப்பசியில் அக்கா நிலத்துத் தகரக் கொட்டகைக்குள் முந்திரிச் சருகைக் கொட்டி மூன்று குவியல் போட்டோம். பழனிவேல் அண்ணன் அட்டவணை எழுதினார். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். ஒரு நாளைக்கு மூன்று தடவை கிளறல், முடித்ததும் நோட்டில் கையெழுத்து. வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். இங்கே மூன்று ஷிப்டில் நடக்காத எதையும் வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை.

முதல் குவியல் அவருடையது. இரண்டாவது அக்காவுடையது. கடைசியில் இருந்தது என்னுடையது. நான் காலையில் டீ குடித்துவிட்டு வந்து மூன்று கையெழுத்தையும் சேர்த்தே போட்டுவிடுவேன். ஞாயிறு மட்டும், மற்றவர்கள் வருவதற்குள் ஒரு தடவை கிளறுவேன். என் குவியல் பாதியாய் அமுங்கிக் கறுத்து, ஆவி விட்டது. சோம்பேறித்தனத்தால் கெட்டுப்போனது என்று நினைத்துச் சாக்கு போட்டு மூடினேன்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு, நாற்பத்திரண்டாம் நாள், சின்னதுரை பைக்கில் வந்தார். அக்கா தன் குவியலைக் கைவிட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. சருகு சருகாகவே கிடந்தது. பழனிவேல் அண்ணனுடையதும் அப்படித்தான். முந்திரி இலை மக்காது, இந்த முறை நமக்கு ஆகாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அக்காவின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஒரு ஷிப்டும் விட்டதில்லை அவள்.

“பேப்பர எடுத்துகினு வாண்ணா, போடறேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டது என்னுடையது இல்லை; ஓயாமல் கிளறிச் சூட்டை ஆறவிட்ட அவர்களுடையதுதான். அதைச் சொன்னால் பொய்க் கையெழுத்தும் வெளியே வரும், என்னை இன்னும் ஓடுகாலி என்று சொல்லாத பத்துப் பேரும் சொல்லத் தொடங்குவார்கள். சொல்லாவிட்டால் நிலம் போகும். வண்டிப் பெட்டியிலிருந்து பேப்பர் வெளியே வந்தபோது சாக்கை இழுத்தேன்.

ஆவி எழும்பியது. அக்கா கையை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். “இன்னாடா பண்ண இதுக்கு?”

“ஒண்ணும் பண்ணலக்கா. ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு தடவை கிளறினேன்.”

பழனிவேல் அண்ணன் நோட்டைப் புரட்டினார். “மூணு ஷிப்டும் கையெழுத்து இருக்குதே.”

“கையெழுத்து மட்டும்தான்ணே இருக்கு.”

அக்கா கொப்புளக் கையை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். “நாப்பத்திரெண்டு நாளு. மூடி வெச்சிகினு வேடிக்கை பாத்தியாடா, சோம்பேறி நாயே?”

கெட்டுப்போனது என்று நினைத்தேன் என்றேன். யாரும் நம்பவில்லை.

ஒரு குவியல் ஒரு காணிக்குப் போதாது என்று சின்னதுரை இழுத்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “மார்கழின்னு தான சொன்ன? அது இன்னும் பொறக்கவே இல்ல. முப்பது நாளும் மார்கழிதான்.” அவர் பேப்பரை மடித்தார்.

மற்ற இரண்டு குவியலையும் சாணிக் கரைசல் ஊற்றி மூடினோம். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் யாரும் தொடக்கூடாது என்று முடிவானது. ஏ ஷிப்ட் முடிந்ததும் கை அரித்துப்போய் முள் மண்வெட்டியோடு வந்த பழனிவேல் அண்ணனை அக்கா இரண்டு தடவை விரட்டினாள்.

மார்கழி முதல் வாரத்தில் அரைக் காணி விதைத்தாள். மீதியை, அந்த இரண்டு குவியலும் சூடேறி மக்கிய பிறகு, கடைசி வாரத்தில். சின்னதுரை வந்தார், முளைத்த வரிசையில் குந்திப் பார்த்தார், பேப்பரைப் பற்றிப் பேசாமல் போனார்.

என் குவியலில் அக்கா எனக்கு ஒரு கூடைகூட மிச்சம் வைக்கவில்லை. கேட்டேன்.

“நீ ஒழைச்சியா?” என்றாள்.