ஏழாம் நம்பர் மலையில் உறைந்த திரை

பனி விலகாத விடியலில் லிந்துலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய ஈரப் படங்குச் சாக்கு, காலில் அட்டைக்கடி. ஒரு செடியை விலக்கியபோது குளவிக்கூடு கலைந்தது. குளவிகள் கொட்டக் கொட்ட அம்மாவோடு நான்கு பெண்கள் சரிவில் விழுந்து உருண்டார்கள்.

கங்காணி சின்னத்தம்பி, லொறியை அழைக்கும் தோட்டத்து ஆப்பில் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். போன் கோல் எடுக்க ஒரு கோடு சிக்னல் இருந்தது, டேட்டா இல்லை. செய்தி போகும்வரை திரை அசையாது. டிரைவரின் நம்பரோ ஆப்பின் அடுத்த பக்கத்தில். ஏழு நிமிடம் அமுக்கிப் பார்த்துவிட்டு அவர் ரோட்டுக்கு ஓடினார்.

அந்த ஆப்பை ஹட்டன் டவுனில் எழுதியவர்கள் அன்டன், துஷாந்த், நான். மூவரும் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். கங்காணியின் மலிவு போனுக்கும் தோட்ட மேனேஜரான துரையின் ஐபோனுக்கும் ஒரே நிரல் தொகுப்பு, ஒரே லைப்ரரி. அதில் செய்தி அனுப்பும் நிரலையும் திரை நிரலையும் ஒன்றாகப் பிசைந்து வைத்து, வைஃபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தோம். ஏழாம் நம்பர் மலையில் எந்தக் கல்லில் ஏறினால் சிக்னல் வரும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் வீங்கிய முகத்தில் கண்ணே தெரியவில்லை. அங்கிருந்து நேரே எங்கள் கம்பெனி முதலாளி பிரதாப்பிடம் போனேன்.

"சேர், ரெண்டையும் பிரிக்கணும். அனுப்புறது பின்னால தனியா நடக்கட்டும். திரை உடனே 'இன்னும் போகல, டிரைவருக்குக் கோல் எடுங்க'ன்னு காட்டணும். மூணு வாரம் வேணும்."

அவர் தேநீரை உறிஞ்சினார். "துரை பங்களாவில நல்லாத்தானே வேலை செய்யுது? அவருக்குப் பொத்தான் கலரத்தான் மாத்தணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிங்க."

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க சேர்."

"அத குளவிகிட்ட போய்க் கேளு, சர்மிளா."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்டன் தன் கணினியை மூடினான். "கலர் மாத்த முடியாது சேர்." துஷாந்தும் மூடினான்.

"வேற ஆளப் போடுவேன்!"

"போடுங்க. இதுல எது எதோட சிக்கியிருக்குன்னு அவங்க கண்டுபிடிக்கவே ஆறு மாசம் ஆகும்," என்றேன்.

மறுநாள் காலை சின்னத்தம்பி கோல் எடுத்தார். "புள்ள, காலையில வேல பிரிக்கிற பெரட்டுல சொல்லிட்டோம். ஆப்ப பிரிச்சு எழுதி, மலையில வச்சே அமுக்கிக் காட்டுற வரைக்கும் ஏழாம் நம்பர்ல ஒருத்தரும் ஏற மாட்டோம். துரை கத்துறாரு. கத்தட்டும்."

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மா வீங்கிய உதட்டால் கேட்டாள்: "மலைக்கு யாரும் போகலையாமே?"

"போகலம்மா. நாங்களும் கலர் மாத்தல."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். வலித்தது போலிருக்கிறது. ஆனாலும் சிரித்தாள்.