ஏழாம் இலை

அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அனல்மின் நிலைய மேலாளர் மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். மகளுக்குச் சுருக்கென்றது. அந்த நிலையம் வரக் கூடாது என்று ஆறு வருடம் வழக்காடித் தோற்றவள் அவள்தான். இழவு வீட்டில் யாரைத் தடுப்பது? விலகி வழிவிட்டாள்.

மேலாளர் புதிதாக மாற்றலாகி வந்தவர். எதிரில் நிற்பது யாரென்று தெரியாது. பெரியவர் செய்த உதவியை நிறுவனம் மறக்காது என்று சொல்லி, அவர் எழுதிய அறிக்கையின் பிரதி ஒன்றை ஞாபகார்த்தமாக நீட்டினார். நிறுவனம் மூடிய உறையில் நீதிபதியிடம் மட்டும் கொடுத்த அறிக்கை அது. பெயர் வெளியிட விரும்பாத வல்லுநர் எழுதியது என்றுதான் வழக்கின்போது அவளுக்குச் சொன்னார்கள்.

புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் அவளுடைய அட்டவணை. காற்றில் கரியமில வாயு கூடினால் இலைக்கு அத்தனை துளைகள் தேவைப்படாது. கல்லில் படிந்த இலையின் துளைகளை எண்ணினால் பல கோடி வருடத்துக்கு முந்தைய காற்று தெரியும். அட்டவணையில் இருந்தவை சாப்பாட்டு மேசையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு அப்பாவும் அவளும் எண்ணியவை. ஏழாம் இலைக்கு 41 என்பதை அவள் 14 என்று மாற்றி எழுதிவிட்டாள். அப்பாதான் சிவப்பு மையில் சுழித்து, “எண்ணத் தெரியாத கழுதைக்கு எதுக்கு இத்தனை பட்டம்?” என்று சிரித்தார். அந்தத் தாளை வேறு யாரும் பார்க்கவில்லை.

அறிக்கையில் ஏழாம் இலைக்கு 14 என்றே இருந்தது. அந்தக் காலக் காற்றில் இன்றைவிடப் பல மடங்கு கரியமில வாயு இருந்தது, பூமி தாங்கிக்கொண்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று அதை வைத்தே எழுதியிருந்தார். எரிமலைகள் பல்லாயிரம் வருடம் கக்கியதைப் புகைபோக்கிகள் நூறே வருடத்தில் கக்குகின்றன என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதைப் பற்றி மூச்சே விடவில்லை. கூட இருந்தே குழி பறித்திருக்கிறார். தீர்ப்பன்று தோளில் தட்டிக்கொடுத்ததும் இதே மனிதர்தான்.

மேலாளர் போனதும் அறிக்கையை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை.

“உனக்குத் தெரியுமாம்மா?”

“உன் காதுக்குப் போகக் கூடாதுன்னார்.”

“ஏன்?”

“நான் கேக்கலைடி.”

அப்போது பத்திரிகை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மரண அறிவிப்புக்காக அங்கிருந்து பேசியவர் அப்பாவின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார். தொழிலைக் கேட்டதற்கு ஓய்வு பெற்றவர் என்று மட்டும் போடச் சொன்னாள். மனைவி இருக்கிறார் என்றாள்.

“பிள்ளைங்க எத்தனை பேருங்க?”

அவள் ஒரே பிள்ளை. கட்டிலருகே அம்மா அப்பாவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

“சரியா கேக்கலைங்க, மறுபடி சொல்லுங்க” என்றார் போனில் இருந்தவர்.

அவள் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.