ஏழாம் வகுப்பு அளந்த மலை

சரண்யாதேவியின் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். அங்கே எந்தத் திசையில் திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். அதனால் மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடைக்கு டவுன் பஸ்ஸில் வந்தவள், கட்டடங்கள் விலகி, படுத்த யானை போல யானைமலை முழுசாகத் தெரிந்ததும் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். இந்த மலைக்குப் பக்கத்திலா ஒரு வருஷம் இருக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இயற்பியல் பட்டம் முடித்த கையோடு, ஒரு தொண்டு அமைப்பு வழியாக ஒத்தக்கடைப் பள்ளியில் ஓராண்டு தன்னார்வப் பணிக்கு வந்திருந்தாள். தலைமையாசிரியை அஜ்மல் பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வருஷம் பூராவும் இருப்பீகளா? முன்னாடி வந்த தம்பி தீபாவளிக்கு ஊருக்குப் போறேன்னு போனவருதான். ஆளக் காணோம்."

"இருப்பேன் மேடம்."

"பாப்போம். ஏழாங்கிளாஸுக்குக் கணக்கும் அறிவியலும் எடுங்க. மெல்லமாப் பேசாதீக, புள்ளைக மதிக்காதுக."

வகுப்பில் அவள் பேசியது முதல் வரிசைக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரே இரைச்சல். ராத்திரியெல்லாம் தயார் செய்த பாடத்தை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்? நீங்களே கேளுங்க" என்றாள்.

சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஜன்னலோரம் இருந்த அழகுபாண்டி எழுந்தான். "மிஸ், யானைமலை பெருசா, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் பெருசா?"

"இது ஒரு கேள்வியாடா? மலைதான்" என்றாள் சபிஹா. அவள்தான் வகுப்புத் தலைவி.

"கோபுரம் எம்புட்டுத் தூரத்துலருந்து தெரியுது! மலை சும்மா நீளமாக் கெடக்கு. ஒசரம் கம்மிதான்."

வகுப்பு இரண்டாகப் பிரிந்துகொண்டது. சரண்யாதேவி கரும்பலகையைத் தட்டினாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

"சண்டை எதுக்கு? அளந்து பார்த்துடலாம்."

"மலைமேல ஏறணுமா மிஸ்?"

"வேணாம். ஸ்கூலை விட்டே வெளிய போக வேணாம்."

மறுநாள் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தார்கள். அதன் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டார்கள். ஸ்ட்ரா வழியாக மலையைப் பார்த்தால், நூல் சாய்ந்திருப்பதை வைத்து எத்தனை பாகை நிமிர்ந்து பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கலாம். சபிஹா குழு மலைப்பக்கத்து மதிலை ஒட்டி நின்று பார்த்தது. அழகுபாண்டி குழு மைதானத்தின் எதிர்க்கோடியில் நின்று பார்த்தது. இரண்டு இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காலால் எட்டு வைத்து அளந்தார்கள்.

"இப்போ இதைச் சின்னதா வரையணும்" என்றாள் சரண்யாதேவி. "பத்து எட்டுக்கு ஒரு ஜாண். ரெண்டு இடத்துலருந்தும் அந்தந்தக் கோணத்துல ரெண்டு கோடு போகும். அது சேர்ற இடம்தான் மலை உச்சி."

நோட்டில் இடம் பற்றாது. வராந்தாவின் தரையிலேயே சாக்பீஸால் வரையத் தொடங்கினார்கள். ஒருவன் நூலை இழுத்துப் பிடிக்க, ஒருத்தி அதன் மேலேயே கோடு போட்டுக்கொண்டு குந்தியபடி நகர்ந்தாள். கோடுகள் ஆறாம் வகுப்பு வாசலைத் தாண்டின. தாண்டத் தாண்ட, கிட்டே வராமல் விலகிக்கொண்டே போயின.

"சேர மாட்டேங்குது மிஸ்."

சரண்யாதேவி குனிந்தாள். நூலைச் சரிபார்த்தாள், கோணத்தைச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. வராந்தாவின் கோடியில், தன் அறை வாசலில் அஜ்மல் பீவி கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"எனக்கும் புரியலை" என்றாள் பிள்ளைகளிடம். "எங்க தப்பு நடந்திருக்கும்? யோசிங்க."

பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். அங்கேயிருந்து சபிஹாவின் குரல் கேட்டது.

"டேய், நீ எதைடா பாத்த?"

"யானை தலைய."

"நாங்க முதுகப் பாத்தோம்டா, கூறுகெட்டவனே."

சரண்யாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவேயில்லை. இரண்டு குழுவையும் தலை உச்சியையே பார்க்கச் சொல்லித் திரும்ப அளக்கவைத்தாள். ஈரத்துணியால் வராந்தாவைத் துடைத்துப் புதுக்கோடு போட்டார்கள். ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் வாசலுக்கு வந்துவிட்டன. இந்த முறை கோடுகள் நெருங்கின. ஒரு முழம், ஒரு ஜாண் என்று இடைவெளி குறைந்துகொண்டே வந்தபோது வராந்தா முடிந்துவிட்டது. எதிரே தலைமையாசிரியை அறை.

கோடு போட்டுக்கொண்டிருந்த சபிஹா, வாசலில் நின்ற அஜ்மல் பீவியை அண்ணாந்து பார்த்தாள்.

"மேடம்," என்றாள் சரண்யாதேவி, "உச்சி உங்க ரூமுக்குள்ள இருக்கு."

அஜ்மல் பீவி கோடுகளைப் பார்த்தார். அவற்றின் பின்னால் குந்தியிருந்த பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் நாற்காலியைத் தானே ஓரமாக நகர்த்தினார். "வாங்க. மேசைய ஆளுக்கு ஒரு பக்கம் புடிங்க" என்றார்.

மேசை இருந்த இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டின. ஹோவென்று எழுந்த சத்தத்தில் ஜன்னல் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. அந்தப் புள்ளியிலிருந்து, இரண்டு இடங்களையும் சேர்த்த அடிக்கோட்டுக்குச் செங்குத்தாக நூல் பிடித்து ஜாண் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். கோபுரம் நூற்றெழுபது அடி என்று எல்லோருக்கும் தெரியும். மலை அதைவிட ரொம்பப் பெரிது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோபுரம் வைத்தால்தான் மலையைவிடக் கொஞ்சம் கூடும்.

"நீங்க தப்பா அளந்துருப்பீக" என்றான் அழகுபாண்டி.

"இருக்கலாம்" என்றாள் சரண்யாதேவி. "நாளைக்கு நீயே வேற இடத்துலருந்து அளந்து பாரு."

"நாளைக்கு எட்டாங்கிளாஸையும் சேத்துக்கங்க" என்றார் அஜ்மல் பீவி. "அவுகளும் வேணுங்கிறாக. மேசை இங்கனயே ஓரமாக் கெடக்கட்டும், நாளைக்கும் வேணும்ல." கோடுகள் வெட்டிய இடத்தை அவர் மிதிக்காமல் சுற்றிப்போனதைச் சரண்யாதேவி கவனித்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"இல்லப்பா. மத்தியானம் சாப்பிடவே மறந்துட்டேன்."

"மறக்கிற அளவுக்கு அப்படி என்ன வேலை?"

அவள் கோணமானியில் ஆரம்பித்தாள். அங்கிருந்து யானையின் முதுகுக்குத் தாவி, திரும்ப வராந்தாவுக்கு வந்து, அப்புறம் மேசையைத் தூக்கியதைச் சொன்னாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மெதுவாச் சொல்லும்மா" என்றார்.

அவளால் மெதுவாகச் சொல்ல முடியவில்லை.