நீள்வட்ட மேசையில் ஒரு தீர்மானம்

1
இந்தக் கதை ஒரு மேசையிலிருந்து பிறந்தது. தேசிய டேபிள் டென்னிஸ் சம்மேளனத்துக்கு முன்பெல்லாம் தனியாகக் கூட்ட மேசை கிடையாது. ஆடுகிற மேசையைச் சுற்றித்தான் நிர்வாகக் குழு உட்காரும். வலையைக்கூடக் கழற்ற மாட்டார்கள். வாக்குவாதம் முற்றினால் ஆளுக்கொரு மட்டை. ஜெயித்தவர் சொன்னது தீர்மானம். (நம்ப வேண்டாம். ஆனால் அன்றைய தலைவர்கள் எல்லாருக்கும் பேக்ஹேண்ட் பிரமாதம்.)

2
போட்டியைப் பற்றி நான் எழுதிய முதல் தொடக்கம்: "உலகப் போட்டியை நடத்தும் பொன்னான வாய்ப்பு நம்மை நாடி வந்த அந்த..."
வேண்டாம். ஆண்டு மலர் வாடை அடிக்கிறது.

இரண்டாவது: போட்டி வந்தது. அதை நடத்த ஆட்கள் வந்தார்கள். அந்த ஆட்களைக் கவனிக்க ஆட்கள் வந்தார்கள். போட்டி முடிந்து போயிற்று, ஆட்கள் போகவில்லை. கண்ணாடிக் கட்டடம், நீள்வட்ட மேசை, எதற்கெடுத்தாலும் ஓட்டெடுப்பு. (நல்லதும் நடந்தது. வீராங்கனைகளுக்கும் விமான டிக்கெட் கிடைத்தது. அதை மறைத்தால் கதை பொய்யாகிவிடும்.)

இது தேவலை.

3
சம்மேளனத்தின் செயலாளரை எல்லாரும் அக்கா என்பார்கள். கட்டடத்தின் பின்னால் இருக்கும் பழைய பயிற்சிக் கூடத்தில் எந்தத் தெருப் பிள்ளையும் வந்து ஆடலாம். அது அவர் பிடிவாதம். அந்தக் கூடத்தைப் 'பாரம்பரியப் பிரிவு'க்கு அலுவலகமாக்கத் தீர்மானம் கொண்டுவந்தார் புதிய தலைமை நிர்வாகி.

"அந்தப் பிரிவு என்ன தம்பி பண்ணும்?"

"உலகப் போட்டி விட்டுட்டுப் போன பாரம்பரியம் என்ன, அதனால பிள்ளைங்க ஆட வந்தாங்களான்னு ஆராயும்க்கா."

"வந்தவங்கதானே அங்க ஆடிட்டிருக்காங்க?"

"அவங்க இருந்தா சத்தம்க்கா. ஆராய முடியாது."

ஓட்டெடுத்தால் தோற்பது உறுதி என்று அக்காவுக்குத் தெரியும். கைப்பையிலிருந்து இரண்டு மட்டைகளை எடுத்தார்.

"பழைய முறையை யாரும் ரத்து பண்ணலை. ரத்து பண்ணணும்னாலும் ஆடித்தான் ஜெயிக்கணும். எந்திரிங்க."

(இங்கே நிர்வாகியை மட்டை பிடிக்கத் தெரியாதவராக எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அப்படிப்பட்டவரை ஜெயிப்பது அக்காவுக்குக் கேவலம்.)

நிர்வாகி தன் கோட்டைக் கழற்றினார். இடது கைக்காரர்! ஒரு காலத்தில் ஜூனியர் சாம்பியன். நீள்வட்ட மேசையின் குறுக்கே கோப்புகளை வரிசையாக நிறுத்தி வலையாக்கினார்கள். அவருடைய முதல் சர்வீஸ் சுழன்று அக்காவின் காதோரம் போயிற்று.

"அடப்பாவி, இவ்வளவு நாளா இதை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

வேலைக்குச் சேர்ந்தபின் முதல் முறையாக அவர் சிரித்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

4
பத்துக்குப் பத்து. அடுத்த புள்ளியே முடிவு. (இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடப் பழைய குழுவுக்குப் பசி தாங்காது. அவர்கள் வைத்த அந்த விதியும் ரத்தாகவில்லை.) அக்கா ஓங்கி அடித்தார். பந்து மேசையின் அந்தக் கோடிக்குப் போய்த் தரையில் விழுந்தது.

"விளிம்புல பட்டுச்சு."

"படலைக்கா."

பட்டது என்று ஒரு முடிவு எழுதினேன்: புள்ளி அக்காவுக்கு, பாரம்பரியப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே போகிறது. படவில்லை என்று இன்னொன்று: மறுநாள் கூடத்தை இழந்த பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த நீள்வட்ட மேசையிலேயே ஆட, நிர்வாகக் குழு சுவரோரம் நின்று பந்து பொறுக்குகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். குழுவினர் எல்லாரும் அந்த நேரம் பார்த்துச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெடுக்காமல் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

பட்டதா, படவில்லையா?

அக்கா இன்னும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. பிள்ளைகள் வருகிற நேரம். சீக்கிரம் சொல்லுங்கள்.