அடிநாக்கும் பதினொரு டப்பாவும்

1

என் அண்ணியின் நாக்கு நாற்பத்திரண்டு லட்சம் ரூபாய். எங்கள் தேயிலைக் கடைக்கு எதிர்க்கடை சுந்தர்ஜி சேட் வைத்த விலை. தேயிலை ருசி பார்க்கத் தன் கடைக்கு வந்தால் வருடத்துக்கு அவ்வளவு தருவாராம். (உண்மையில் முப்பத்தெட்டு. நீங்கள் எப்படியும் குறைத்துத்தான் கேட்பீர்கள் என்று ஏற்றிச் சொன்னேன்.) இந்தக் கதை அந்த நாக்கின் அடியில் முளைத்தது.

2

முதல் தொடக்கம்: 'அகமதாபாத்தில் அன்று மழை கொட்டிக்கொண்டிருந்த...'

விட்டுவிட்டேன். மழையே பெய்யவில்லை.

இரண்டாவது: 'ஹன்ஸா அண்ணிக்குத் தூக்கத்தில் மணிக்கு முப்பத்தொரு முறை மூச்சு நின்றது.'

இது இருக்கட்டும். பரிசோதனை அப்படித்தான் சொன்னது. அடிநாக்கில் இருக்கும் டான்சில் சதை வீங்கி மூச்சுக்குழலை அடைக்கிறது, அறுத்தாக வேண்டும்.

3

நாங்கள் முதல் கடையில் சரக்கு வாங்குகிற வழக்கமில்லை. அப்படி விசாரிக்க மட்டும் முதலில் போனது டாக்டர் வோராவிடம்.

"நூத்துல நாலைஞ்சு பேருக்கு ரத்தம் கசியலாம். வீக்கத்துல மூச்சு அடைக்கலாம். அதனால ராத்திரி பக்கத்துலயே வெச்சுப் பாப்போம். ருசி கொஞ்ச நாள் மாறலாம். பெரும்பாலும் திரும்பிடும்."

"பெரும்பாலும்னா?" என்றார் அண்ணன் மன்சுக்.

"உத்தரவாதம் இல்லன்னு அர்த்தம்."

"நாலைஞ்சு ஜாஸ்தி டாக்டர் சாகேப். ரெண்டுல முடிங்க."

"ஃபீஸ்னா பேசலாம் மன்சுக்பாய். இது என் சரக்கு இல்லையே."

அறுக்க மூன்று வழி: லேசர், ரோபோ, உப்புநீரில் மின்சாரம் விட்டுச் சதையைக் கரைக்கும் கம்பி. எது பத்திரம்?

"ஒண்ணோட ஒண்ண நேரா வெச்சுப் பார்த்த ஆய்வு கொஞ்சம்தான். எனக்குக் கை பழகினது கம்பி."

(இவ்வளவு உண்மை பேசும் டாக்டரை நீங்கள் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் பேராசை சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

இரண்டாவது டாக்டர், "லேசர். ஒண்ணுமே ஆகாது" என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. படியிறங்கும்போது அண்ணி கேட்டாள்:

"ஏங்க, பெட்டியில தூசியே இல்லன்னு சொன்னவன்கிட்ட என்னிக்காவது வாங்கியிருக்கீங்களா?"

"அது தேயிலைடி."

"இது நாக்கு. வோராகிட்டயே போங்க."

4

அறுவைக்கு முந்தின நாள் அண்ணி பதினொரு தேயிலைகளை ருசி பார்த்துக் குறிப்பெழுதினாள். ஒவ்வொன்றிலும் ஒரு பிடியை டப்பாவில் போட்டு இறுக மூடி, நோட்டையும் சேர்த்து என்னிடம் கொடுத்தாள்.

"ரெண்டு மாசம் கழிச்சு எது எதுன்னு தெரியாம குடிப்பேன். ஒண்ணு தப்பினாலும் கடையில ருசி பார்க்கிற மேசைய விட்டுடுவேன். ருசி போனப்புறமும் சேட்டாணியம்மான்னு உக்காந்திருக்க மாட்டேன்."

அறுவை முடிந்தது. ஏழாம் நாள் துப்பியதில் ரத்தம், ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், தானாக நின்றது. இப்போது மூச்சு மணிக்கு ஆறு முறைதான் தடுக்குகிறது. அண்ணன் நிம்மதியாகத் தூங்குகிறார், அவரே குறட்டை விடுகிறார்.

நேற்று சோதனை. ஒன்பது கோப்பை நோட்டோடு பொருந்தின. இரண்டு பொருந்தவில்லை. நோட்டில் 'நல்ல கசப்பு' என்றிருந்த அந்த இரண்டையும், "சப்புன்னு இருக்கு" என்றாள். பிறகு கோப்பையைக் கவிழ்த்தாள்.

"மேசை திங்கக்கிழமையோட சரி."

5

அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்திருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு வாசனை தேவைப்பட்டது. இரண்டு டப்பாக்களைத் திறந்தேன். 'காய்ந்த இலையின் மணம், ஏதோ...' வாக்கியம் வரவில்லை. மூடியைச் சும்மா வைத்துவிட்டுப் போனவன் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.

மழை பெய்தது. இரண்டாம் பகுதியில் பொய் சொன்னேன். ஈரம் பட்ட தேயிலை சப்பென்றாகிவிடும்.

எந்த இரண்டைத் திறந்தேன்? குறித்து வைக்கவில்லை. டப்பாக்களையும் கழுவிவிட்டார்கள். தப்பியது என் இரண்டு டப்பாக்களா, அண்ணியின் அடிநாக்கா? எனக்குத் தெரியவில்லை, சத்தியமாகக் குழம்பிப்போயிருக்கிறேன்.

முடிவு ஒன்று: சொல்கிறேன். "ஆறுதலுக்கு அளக்காதே" என்று சிரிக்கிறாள், மேசையை விடுகிறாள்.

முடிவு இரண்டு: சொல்கிறேன். நம்புகிறாள், மேசையில் உட்காருகிறாள், ஒருநாள் கெட்ட சரக்கை நல்லது என்கி...

முடிவு மூன்று: சொல்லாமல் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அண்ணிக்குத் தமிழ் தெரியாது, அவள் பேசிய குஜராத்தியை நான்தான் தமிழாக்கினேன்.

இன்று சனிக்கிழமை. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

மூச்சு, மணிக்கு: முன்பு 31, இப்போது 6.
கோப்பை: 11.
பொருந்தியது: 9.
நான் திறந்தது: 2.
தப்பியது: 2.
இரண்டும் ஒன்றா: ______