மாப்பிள்ளை கொடுத்த மானிட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மூக்கையும் தாண்டி உச்சந்தலைக்கு ஏறியிருந்தது.

காரணம் என் மேஜை மேல் இருந்த புதுக் கம்ப்யூட்டர். பாகம் பாகமாக வாங்கி, முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து நானே பூட்டியது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பதினொரு மணிக்கு எனக்குப் பரீட்சை. நான் கட்டட வரைபடம் போடுகிறவள். வேலை பார்த்த கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகிறது. புதிதாக வேலைக்குக் கூப்பிட்டவர்கள், வீட்டிலிருந்தே மூன்று மணி நேரத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் படம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பதினொன்று பத்துக்குள் இணையத்தில் அவர்கள் பரீட்சைப் பக்கத்துக்குள் நுழையவில்லை என்றால் அவ்வளவுதான், மறுவாய்ப்பு கிடையாது. வரைவதற்கு வேண்டியதெல்லாம் தோழி வீட்டில் முன்பே ஏற்றி வைத்த டிஸ்க்கில் தயாராக இருந்தது. அதைப் பார்க்க ஒரு திரைதான் வேண்டும்.

மானிட்டர் மட்டும் நான் வாங்கவில்லை. அக்கா புருஷன், அதாவது அத்தான், தங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொல்லி, அன்று காலை அக்காவோடு வரும்போது எடுத்து வந்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, புடவைத் தலைப்பால் துடைத்து, என் மேஜையில் வைத்தாள். மாப்பிள்ளை கொடுத்ததில் குறை பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் வாங்கித் தந்த மிக்ஸிக்கு மூடி சேராது. ஆறு வருஷமாக அம்மா அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் அரைக்கிறாள். ஒரு நாள் கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அதனால் நானும் அந்த மானிட்டரைச் சந்தேகப்படவில்லை. நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ராம் என்கிற மெமரி அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இரண்டில் ஒன்றை மட்டும் மாட்டிப் பார்த்தேன். கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கி மறுபடி அழுத்தினேன். போர்டில் இருந்த வட்ட பேட்டரியை எடுத்து ஐந்து நிமிஷம் வெளியே வைத்தேன். மணி பத்தைத் தாண்டியது. அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ மேஜைக்கடியில் உருண்டு போனது.

அதற்குள் அம்மா ஹாலுக்குப் போய் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் ஃப்ரிட்ஜ் விற்கும் கம்பெனியில் மேனேஜர். பிளக் இருக்கிற எல்லாவற்றுக்கும் தான்தான் டாக்டர் என்று நினைப்பு. ஹால் டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கிரிக்கெட் மேட்சில் விளம்பரம் போட்டபோது எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, மதர்போர்டு செத்துவிட்டது என்றார். நான் பூட்டும்போதே கெடுத்திருப்பேனாம், இதெல்லாம் கடைக்காரன் கையால் செய்ய வேண்டிய வேலையாம். அம்மா 'அப்பவே சொன்னேன்' என்றாள். அவள் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. அக்கா கதவோரம் நின்று தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். விளம்பரம் முடிந்ததும் டாக்டர் போய்விட்டார்.

மணி பத்து நாற்பது. ஆத்திரத்தில் கீபோர்டை ஓங்கித் தட்டினேன். கை பட்டது நம்லாக் பொத்தானில், அதன் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. செத்த போர்டு எப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கும்? மானிட்டருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினேன். உயிரோடு இருக்கிற எந்த மானிட்டரும் அப்போது சிக்னல் இல்லை என்று ஒரு வரியாவது காட்டும். இது அதைக்கூடக் காட்டவில்லை. ஓரத்துப் பச்சை விளக்கு மட்டும் பேசாமல் எரிந்துகொண்டிருந்தது.

மானிட்டர்தான் கோளாறு என்றேன். அம்மா முகம் வெளுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா என்று பதறி என் வாயைப் பொத்த வந்தாள். ஹாலிலிருந்து அத்தான் குரல் மட்டும் வந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் பின்னால் இருந்த கேபிளை உருவிவிட்டு என் கேபிளைச் செருகினேன். பெட்டியின் பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தி, இருபது வரை எண்ணினேன். டிவி முழுக்க நீலம் விரிந்தது. நடுவில் என் பெயர், அதற்குக் கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டம்.

மதர்போர்டு பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த மானிட்டர் கொஞ்ச நாளாவே அப்படித்தான். நல்லா ஓங்கித் தட்டினா வரும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "சரி, உன் மெஷின்தான் ஓடுதே. என் கேபிளை மாட்டு, இன்னும் ரெண்டு ஓவர்தான்."

மணி பத்து ஐம்பத்தாறு.

அம்மா என் தோளைத் தொட்டு, ரெண்டு ஓவர்தானேடி என்றாள். கத்தத்தான் வாயைத் திறந்தேன், கண்ணீர்தான் வந்தது. கோபத்தில் அழுவதைப் போல அசிங்கம் வேறில்லை.

அப்போது அக்கா எங்களைக் கடந்து போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். அத்தான் ஏய் என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கம் பிடிடி" என்றாள் என்னிடம்.

இருவருமாக டிவியைத் தூக்கி என் அறைக்குக் கொண்டுவந்தோம். மேஜையில் இருந்த மானிட்டரை அவள் ஒரே கையால் கட்டிலில் தள்ளினாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நான் ஒயர்களை மாட்டிக் கடவுச்சொல்லை அடித்தபோது மணி பதினொன்று நான்கு. வெளியே கதவைத் தட்டும் சத்தம் ஆரம்பித்தது. அம்மா அக்காவின் பேரைச் சொல்லிக் கெஞ்சினாள். அத்தான் கெஞ்சவில்லை, நம் வீட்டுக்கு வா, அங்கே பேசிக்கொள்கிறேன் என்றார்.

பதினொன்று ஏழுக்கு நான் பரீட்சைக்குள் நுழைந்தேன். கேள்வி திரையில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அக்கா கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் தோள் அதிர்ந்தது.

"எங்க வீட்லயே அந்த மானிட்டர் ஓடலடி. வர்ற வழியில சொன்னேன், வாயை மூடிட்டு வான்னார். மூடிட்டு வந்துட்டேன்" என்றாள். "நீ படத்தைப் போடு. மூணு மணி நேரம்தானே, நான் எந்திரிக்க மாட்டேன்."